ஒரு வருஷ அவகாசம்

மார்ச் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீங்கள் நாடாளுமன்றத்தில் பேசியதை டிவியில் பார்த்தோம். பேச எழுந்ததும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டீர்களே! அண்ணி தலையில் அடித்துக்கொண்டார். "பாரேன், சாயத்தொட்டிக்குள்ள இறங்கப் போறாரு."

ஆனால் உங்கள் ஆற்று மசோதாவைப் படித்ததும் சிரிப்பு போய்விட்டது. சுத்திகரிக்காத சாயத் தண்ணீரை ஆற்றில் விடும் ஆலைகளை உடனே மூட வேண்டுமாம். அதில் நம் ஆலையும் வருகிறதே அண்ணா! சுத்திகரிப்பு நிலையம் கட்ட ஒரு வருஷமாவது வேண்டும். அவகாசம் உண்டு என்று ஒரே ஒரு வரி சேருங்கள். உங்களுக்கு ஓட்டுக் கேட்டுத் தெருத்தெருவாக அலைந்து தொண்டை கட்டிப்போனவள் கேட்கிறேன்.

அன்புத் தங்கை

மார்ச் 11

அன்புள்ள வாலுவுக்கு,

உன் கோபம் புரிகிறது. ஆனாலும் முடியாது. அந்த வரியைச் சேர்த்தால், "தன் ஆலைக்காகப் போட்டுக்கிட்டான்யா" என்று மறுநாளே சொல்வார்கள். அவகாசம் கொடுத்தால் முதலாளிகள் என்ன செய்வார்கள் என்று எனக்கா தெரியாது? இன்னொரு அவகாசம் கேட்பார்கள்.

ஆலையில் நான் காலையில் அறிவிப்பு ஒட்டினால் மதியத்துக்குள் நடந்ததா இல்லையா? நாட்டிலும் நடக்கும். நான் பின்வாங்குவதாக இல்லை.

அண்ணன்

மார்ச் 19

அண்ணனுக்கு,

நடந்தது, நடந்தது! நீங்கள் ஒட்டிவிட்டுக் காரில் ஏறிவிடுவீர்கள். பின்னாலேயே நான் ஒவ்வொரு பிரிவாகப் போய், "இன்னைக்கு வேணாம், வெள்ளிக்கிழமையிலேர்ந்து பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு வருவேன். உங்கள் அறிவிப்புகள் எல்லாம் அப்படித்தான் நடந்தன. இத்தனை காலம் சொல்லாமல் இருந்தேன். நாடு முழுக்க அப்படி ஓட என்னால் முடியாது.

மசோதாவை விசாரிக்கும் உங்கள் குழுவின் முன்னால் பேச, சாய ஆலைச் சங்கம் என்னைத்தான் அனுப்புகிறது. தலைவர் நாற்காலியில் நீங்கள் இருந்தால் எனக்கென்ன? பேசத்தான் போகிறேன். அங்கே என்னை வாலு என்று மட்டும் கூப்பிட்டுவிடாதீர்கள்.

தங்கை

ஏப்ரல் 6

அன்புள்ள தங்கைக்கு,

நீ கிளம்பிய பிறகு வாக்கெடுப்பு நடந்தது. என்னைத் தவிர எல்லோரும் உன் பக்கம் கை தூக்கினார்கள். ஒரு வருஷம் கிடைத்துவிட்டது. என் மசோதாவில் நானே தோற்றேன். முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகு, குழுவில் இருக்கும் எங்கள் கட்சித் தலைவர், "யாருய்யா அந்தம்மா? என்னமா பேசுறாங்க!" என்று கேட்டார். என் தங்கை என்று இரண்டு முறை சொன்னேன்.

அதற்காகச் சலுகை எதிர்பார்க்காதே. கெடு முடிந்ததும் ஆய்வாளர் வரப்போகும் முதல் ஆலை நம்முடையதுதான். நிலையம் தயாராக இல்லையென்றால் சீல் வைக்கச் சொல்லிவிட்டேன்.

அண்ணன்

ஏப்ரல் 14

அன்புள்ள அண்ணனுக்கு,

நேற்றுக் கடைக்கால் தோண்ட ஆரம்பித்துவிட்டோம். சத்தத்தில் போன் பேசக்கூட முடியவில்லை.

ஆய்வாளர் தாராளமாக வரட்டும். கூடவே நீங்களும் வாருங்கள். நிலையத்திலிருந்து வெளியேறும் தண்ணீரில் ஒரு டம்ளர் உங்கள் முன்னால் நான் குடிப்பேன். குடிக்க நான் தயங்கினால், அவர் சீல் வைக்கும்வரை காத்திருக்க வேண்டாம், ஆலையை நீங்களே மூடிவிடுங்கள்.

அன்புத் தங்கை