சுருட்டை முடிக்கு ஒரு ஜெல் பாட்டில்

பாப்பா,

சாப்பாடு அடுப்பு மேல மூடி வச்சிருக்கேன், சூடு பண்ணிக்கோ. குழாய் ரிப்பேர்காரர் நாலு மணிக்கு வருவார்.

நீ பேசி நாலு நாளாச்சு, அதான் எழுதறேன். ஞாயித்துக்கிழமை போட்டோவுக்குக் கிளம்பறப்போ உன் தலையைத் தொட்டேன், நீ தடவியிருந்த ஜெல் காய்ஞ்சு விறைப்பா இருந்துச்சு. பிசுக்குன்னு நினைச்சு, நீ "வேணாம்மா"ன்னு கத்தக் கத்த, காய்ஞ்ச தலையில சீப்பை விட்டு இழுத்தேன். அத்தனை சுருளும் கலைஞ்சு பஞ்சாப் பறந்துச்சு. காக்கா கூடுன்னு வேற சொன்னேன், பாழாப்போன வாய். நீ கத்திரிக்கோலை எடுத்துட்டுப் போய் ஒட்ட வெட்டிக்குவேன்னு நினைக்கவே இல்லை.

லாண்டரியில நாள் முழுக்க சட்டைச் சுருக்கம் எடுக்கற கை. வீட்லயும் அதே புத்தி.

கூட இஸ்திரி போடற பொண்ணு சொன்னா: சொட்டச் சொட்ட ஈரத்துலயே ஜெல் தடவி, கீழேருந்து அள்ளிக் கசக்கணும். காயற வரைக்கும் தொடக்கூடாது. காய்ஞ்சப்புறம் மெதுவா இன்னொரு தடவை கசக்கினா அந்த விறைப்பு போயிடுமாம். அவ்ளோதானாம். எனக்குத் தெரியலையேடி.

இன்னிக்குக் காலையில என் தலையில போட்டுப் பார்த்தேன். கண்ணாடியில உன் சுருள், அப்படியே. இத்தனை வருஷமா எண்ணெய் வச்சு இறுக்கிப் பின்னியே எனக்கு அது தெரியாமப் போச்சு.

அம்மா

சாவி ஃபிரிட்ஜ் மேல. கதவு திறக்கக் கூச்சமா இருந்தா குழாய்க்காரரை நாளைக்கு வரச் சொல்லு.

ஜெல் குளியலறைத் தட்டுல இருக்கு. இப்போ உனக்கு வேண்டியதில்லைன்னு தெரியும். உனக்கு வளர்ற வரைக்கும் என் தலையில பழகிக்கறேன்.