கணவருக்கு நான்காம் பக்கம்

மார்ச் 19, செவ்வாய்

அஃப்ராகோமா போய்ச் சேர்ந்து இருபத்து மூன்று நாள். இன்று அவளுக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி கிடைத்திருக்கிறது. சுவரொட்டியைப் பார்த்துத்தான் எனக்கே தெரியும்.

பந்தாமா சந்தை முனையில் ஒட்டியிருக்கிறார்கள். மேலே சிவப்பு எழுத்தில் ‘என்ன ஒரு அதிர்ச்சி!’. எழுபது வயது தாண்டிச் செத்தவர்களுக்கு ‘மகிமையின் அழைப்பு’ என்று போடுவார்கள். இருபத்தொன்பதுக்கு அதிர்ச்சி. அச்சகத்தில் இரண்டும் தயாராக இருக்கும்போல. படத்தில் தலை மட்டும்தான் அவளுடையது. பெண்கள் கால்பந்து நடுவரை நடுவர் சட்டையில் காட்டினால் குடும்பத்துக்குக் கௌரவக் குறைவாம். கழுத்துக்குக் கீழே யாரோ ஒருத்தியின் சரிகைக் கவுன். துக்கம் அறிவிப்போர் பட்டியலில் அவளுடைய தாய்மாமா முதல் ஆள். கணவன், போவாடி என்கிற நான், பதினான்காவது. பதிமூன்றாவது யார் என்று எனக்குத் தெரியவில்லை.

கடைசி வரி: ‘இரங்கல் உரைகளை அனுப்ப வேண்டிய முகவரி’. அவள் பெயரிலேயே ஒரு டாட் காம். அப்படி ஒன்று இந்த உலகத்தில் இல்லை.

அந்தத் தாய்மாமா, அமங்க்வாட்டியா மாமாவுக்குப் போன் போட்டேன்.

“அச்சகத்துக்காரன் யோசனை மாப்ள. போன மாசம் ஒரு பெரிய மனுஷன் சாவுக்குப் போட்டானாம். எடுப்பா இருந்துச்சாம்.”

“அந்த முகவரியே கெடையாது மாமா.”

“அதான் நீ இருக்கியே. கம்ப்யூட்டர் எதுக்குப் படிச்ச?”

முந்நூறு சுவரொட்டி ஒட்டியாயிற்று. இனி முகவரி பிறக்க வேண்டியதுதான் பாக்கி.

இன்னொன்றும் சொன்னார். அடக்கம் ஏப்ரல் 27. அதுவரை அவள் பிணவறையில்; இங்கே இரண்டு மாதம் காத்திருப்பதுதான் வழக்கம். அன்று கையில் கொடுக்கும் நினைவு மலர் ஏப்ரல் 12 வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. நான்காம் பக்கம் கணவருடையது. “எழுதிடு மாப்ள. நீ எழுதலைன்னா எங்ககிட்ட ஒண்ணு இருக்கு, அதப் போட்டுக்குவோம்.”

மார்ச் 21, வியாழன்

அந்த ‘ஒண்ணு’ எது என்று டுஃபி கொண்டுவந்து காட்டினாள். அஃப்ராகோமாவின் தங்கை. தினமும் கென்கி என்கிற சோளமாவு உருண்டையும் பொரித்த மீனும் கொண்டுவந்து, நான் தின்கிறேனா என்று எதிரே உட்கார்ந்து காவல் காக்கிறாள்.

‘என் இல்லத்தின் விளக்கே, நீ அணைந்தாயே’ என்று தொடங்குகிறது. இதே குடும்பத்தில் ஏற்கெனவே மூன்று கணவர்கள் இதே விளக்கை அணைத்திருக்கிறார்கள். மூன்றாமவருக்குப் பெயரை மாற்ற மறந்துவிட்டார்கள். அவர் தன் மனைவியின் பெட்டி பக்கத்தில் நின்று, இரண்டாமவரின் மனைவிக்காக அழுதிருக்கிறார்.

“அக்காவுக்கு இதப் போட்டாங்கன்னா நான் செத்தே போவேன் அத்தான்.”

“அப்ப ஒனக்கும் இதத்தான் போடுவாங்க.”

சிரித்தாள். பிறகு ஏன் சிரித்தோம் என்பதுபோல என்னைப் பார்த்தாள்.

மார்ச் 23, சனி

முகவரி உண்டாக்குவதை வெளியே ஒரு நிறுவனத்திடம் கொடுத்தால் பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்துக்கு அப்புறம் நான் என்ன செய்வது? நான் கணினிகளைக் கவனித்துக்கொள்ளும் கல்லூரியில் விடுப்புக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பழைய கணினி ஒன்றைத் துடைத்து வைத்தேன். அந்த ஒரு முகவரிக்கு வரும் தபாலை வாங்கி வைக்க, வீட்டிலேயே சொந்த அஞ்சல் சர்வர். கிரேக்கக் கோயில் கட்டுகிற அளவு ஆடம்பரம்.

நான்காம் பக்கம்: ‘என் மனைவி’ என்று எழுதினேன். அதற்குப் பிறகு வார்த்தை வரவில்லை.

மார்ச் 27, புதன்

டாட் காம் வாங்கியாயிற்று. அந்தப் பெயருக்கு வரும் தபாலை இந்த வீட்டுக்கு அனுப்பு என்று உலகத்துக்கு அறிவித்தும் ஆயிற்று. ஆனால் தபால் வந்து தட்டுகிற கதவு, 25-ஆம் போர்ட், இணையக் கம்பெனிக்காரர்களால் பூட்டப்பட்டிருக்கிறது. அழைத்தேன்.

“வீட்டு இணைப்புக்கு அதத் தொறக்க மாட்டோம் சார். மோசடிக்காரங்க அது வழியா குப்பைத் தபால் அனுப்புவாங்க.”

“நான் எதுவும் அனுப்பலைம்மா. வந்தா வாங்கிக்கணும், அவ்வளவுதான்.”

“என்ன தபால் சார்?”

“என் பொண்டாட்டி செத்ததுக்கு வர்ற தபால்.”

கொஞ்ச நேரம் இசை போட்டார்கள். கல்யாண வீட்டு இசை. பிறகு, “தொறந்தாச்சு சார். வேற ஏதாவது உதவி வேணுமா?”

வேணும் என்று சொன்னால் என்ன செய்வாள் என்று யோசித்துக்கொண்டே வைத்துவிட்டேன்.

மார்ச் 31, ஞாயிறு

சர்வர் ஓடுகிறது. அந்தக் கணினியிலிருந்தே எனக்கு நானே ஒரு தபால் எழுதினேன். வந்தது. ‘சோதனை’ என்று இருந்தது. இந்த மாதம் என்னை விசாரித்து வந்த தபால்களில் அதுதான் சிறந்தது.

ஏப்ரல் 4, வியாழன்

மாமா வந்தார். உட்காரவில்லை.

“லண்டன்ல இருந்து அனுப்பிட்டாளாம், டொரன்டோல இருந்து அனுப்பிட்டானாம். ஒண்ணும் வரலைங்கிற. எங்கய்யா போச்சு எல்லாம்?”

“வரும் மாமா.”

“நடந்தா வருது?”

வரவில்லை. நான் எனக்கு எழுதினால் மட்டும் வருகிறது. ஏழு வருட அனுபவம், இரண்டு சான்றிதழ்.

நான்காம் பக்கத்தில் இன்னும் அதே இரண்டு வார்த்தைகள்.

ஏப்ரல் 5, வெள்ளி

கண்டுபிடித்தேன். இந்த சர்வரை நிறுவும்போதே, மாற்றச் சொல்லாதவரை, அது தன்னோடு மட்டும்தான் பேசும். வெளியே யார் தட்டினாலும் காதில் விழாது. முதல் வருட மாணவன் செய்கிற தவறு. தன்னோடு மட்டும் பேசிக்கொண்டு, எல்லாம் நலம் என்று ஐந்து நாள் அறிக்கை கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. யாரைப் பார்த்துக் கற்றதோ!

ஒரு வரி மாற்றம். மதியம் மின்சாரம் போய்விட்டது. மாலை வந்தது.

தொலைந்துபோகவில்லை. கதவு திறக்காவிட்டால் அனுப்பிய சர்வர் தபாலை நாலைந்து நாள் தானே வைத்துக்கொண்டு, திரும்பத் திரும்ப வந்து தட்டும். யார் இந்த ஏற்பாட்டைச் செய்தார்களோ, நம் மனிதர்களைவிட நாகரிகம் தெரிந்தவர்கள். ஒரு மணி நேரத்தில் நாற்பத்தொரு தபால்.

ஏப்ரல் 6, சனி

நாற்பத்தொன்றையும் படித்தேன். முப்பத்திரண்டில் அவள் மலர். ஐந்தில் நட்சத்திரம். ஒருவர் அவளைச் சந்தித்ததே இல்லை, ஆனால் தூண் சாய்ந்துவிட்டதாம். இரண்டு தபால் முகச்சவரக் கத்திக்குத் தள்ளுபடி. ஒன்று, நைஜீரியாவிலிருந்து ஒரு விதவை, நாலு கோடியை என்னோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறாள். துக்கத்தில் இருக்கிறவர்களுக்குள் ஒரு புரிதல்.

இவர்கள் எழுதுகிற இந்தப் பெண்ணை எனக்குத் தெரியாது. இவளுக்கு வாயே கிடையாதுபோல.

ஏப்ரல் 9, செவ்வாய்

இன்று வந்தது இது. ‘மின்னல் பெண்கள்’ அணியின் பயிற்சியாளர் அப்ரோக்வா. அப்படியே எழுதி வைக்கிறேன்:

“ஐயா, புகழ்ந்து எழுதச் சொல்லி போஸ்டர்ல போட்டிருக்கீங்க. எனக்கு வராது. ரெண்டு வருஷம் முன்னாடி அரையிறுதி. எழுபத்தொம்பதாவது நிமிஷம் எங்க ஒம்பதாம் நம்பர் பொண்ணு போட்ட கோல ஒங்க சம்சாரம் ஆஃப்சைடுன்னு ஊதிட்டாங்க. அது ஆஃப்சைடே இல்ல. நான் உள்ள ஓடினேன், சிவப்பு அட்டை. அதுலேருந்து எங்க பாத்தாலும் கேப்பேன். மார்க்கெட்ல கேட்டேன். சர்ச்சு வாசல்ல கேட்டேன். ‘கோச், போய் ஒக்காருங்க’ன்னு சொல்லுவாங்க. இனிமே நான் யார்கிட்ட போய்க் கேக்குறது? வீட்டுல என்னிக்காவது ஏதாவது சொன்னாங்களா? எனக்கு உண்மை தெரிஞ்சாப் போதும்.”

மூன்று தடவை படித்தேன். அவள் குரல் கேட்டது. கோச், போய் ஒக்காருங்க.

ஏப்ரல் 10, புதன்

தபால்களை அச்செடுத்து மாமாவிடம் கொண்டுபோனேன். எதைப் போடுவது என்று குடும்பத்தார் உட்கார்ந்து தேர்ந்தெடுத்தார்கள். மலர்கள் எல்லாம் தேறின. அப்ரோக்வாவின் தபால் வந்ததும் மாமா கண்ணாடியைக் கழற்றினார்.

“செத்தவகிட்ட பெனால்டி கேக்குறானா இவன்?”

“பெனால்டி இல்ல மாமா. ஆஃப்சைடு.”

“எதுவா இருந்தா என்ன? கிழிச்சுப் போடு. அது கெடக்கட்டும், ஒன் பக்கம் எங்க?”

“நாளன்னிக்கு.”

“இல்லேன்னா வெளக்குதான்.”

ஏப்ரல் 11, வியாழன்

சொன்னாள். என்னிடம் மட்டும் சொன்னாள்.

அந்த அரையிறுதி முடிந்து வந்ததும் வராததுமாக அஃப்ராகோமா வாளியில் வெந்நீர் ஊற்றிக் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பேச்சே இல்லை. அவள் பேசாமல் இருந்தால் வீடு பழுதான மாதிரி இருக்கும்.

“அது கோல்தான் போவாடி. ஊதின அந்த நொடியே தெரிஞ்சு போச்சு.”

“தெரிஞ்சா மாத்திக்கக் கூடாதா?”

“மறுபடி ஆட்டம் தொடங்கிட்டா மாத்த முடியாது. ஒத்துக்கிட்டேன்னு வையி, அடுத்த ஆட்டத்துல இருபத்திரண்டு பேரும் பந்த விட்டுட்டு எங்கூடத்தான் வெளையாடுவாளுங்க.” பிறகு விரலை நீட்டி, “நான் ஊதிக்கிட்டிருக்கிற வரைக்கும் இத யார்கிட்டயும் சொல்லக் கூடாது. கோச்கிட்ட சத்தியமா கூடாது.”

நான் சத்தியம் செய்தேன்.

காலையிலிருந்து இதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். சொன்னால் துரோகமா? அவள் என்ன சொன்னாள்? நான் ஊதிக்கிட்டிருக்கிற வரைக்கும்.

இனி ஊத மாட்டாள்.

இதை நாற்பத்தாறு நாளாக எல்லாரும் என்னிடம் சொன்னார்கள். போதகர் சொன்னார், மருத்துவர் சொன்னார், முந்நூறு சுவரொட்டி சொன்னது. மரமண்டை எனக்கு இப்பத்தான் உறைக்குது. இனிமே ஊத மாட்டா. வரமாட்டா. வெந்நீர் கேக்க மாட்டா. ஐயோ, என்னடி இது.

அழுதேன். டுஃபி கதவைத் தட்டினாள். நாளை வா என்றேன். போகவில்லை, வாசலிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

மாலைக்குள் நான்காம் பக்கத்தை எழுதி முடித்தேன்.

ஏப்ரல் 12, வெள்ளி

மாமா படித்தார். ‘பயிற்சியாளர் அப்ரோக்வா அவர்களுக்கு’ என்ற முதல் வரியிலேயே முகம் மாறியது. வாளி, வெந்நீர், கோல், எல்லாம் வந்து போயின.

“எங்க வீட்டுப் பொண்ணு தப்பா ஊதினான்னு ஊருக்கெல்லாம் அச்சடிச்சுக் குடுக்கணுமா?”

“ஆமா மாமா.”

“தூணுன்னு ஒரு வார்த்தை இல்ல. மலருன்னு ஒரு வார்த்தை இல்ல.”

“இல்ல மாமா.”

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். “பெட்டி வாங்குறதும் நாலாம் பக்கமும் புருஷனோடது. வழக்கம் அப்படி. நான் கை வைக்க முடியாது.” எழுந்து போகும்போது, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு: “சின்னப் புள்ளைலயும் அப்படித்தான். தப்புன்னு தெரிஞ்சாலும் எறங்கி வரமாட்டா, கழுதை.”

ஏழு வாரத்தில் அவளைப் பற்றி அவர் சொன்ன முதல் உண்மை.

ஏப்ரல் 27, சனி

தேவாலயத்தில் நான்காம் பக்கத்தை நானே வாசித்தேன். கறுப்பும் சிவப்புமான துக்க உடையில் அறுநூறு பேர். ‘அது கோல்தான்’ என்ற இடம் வந்தபோது பின்வரிசையில் ஒரு நெட்டை மனிதர் எழுந்து இரண்டு கையையும் மேலே தூக்கினார். சத்தம் போடவில்லை. அழுதுகொண்டிருந்தார். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாரும் எழுந்தார்கள், பதினெட்டு பத்தொன்பது வயதுப் பெண்கள். அவர்கள்தான் கத்தினார்கள்: “கோல்!”

போதகர் பைபிளைத் தேடினார். சனம் சிரித்தது. மாமா தலையைக் குனிந்துகொண்டார், தோள் குலுங்கியது. அழுகையா, சிரிப்பா? நான் கேட்கவில்லை.

பெட்டியை இறக்கினோம்.

மே 14, செவ்வாய்

மாமா போன் செய்தார். காரியமெல்லாம் முடிந்துவிட்டதே, அந்த முகவரியை மூடிவிடலாமே என்றார். முடியாது என்றேன்.

நினைவு மலரைப் படித்த யாரோ சொல்லி, யாரோ கேட்டு, இன்றுவரை பத்தொன்பது தபால். எல்லாம் புகார். கொடுக்காத பெனால்டி, காட்டிய மஞ்சள் அட்டை, மூன்று நிமிடம் முன்னதாக முடித்த ஆட்டம். வீட்டில் ஏதாவது சொன்னாரா, வீட்டில் ஏதாவது சொன்னாரா. அந்தக் கணினிக்கு வாங்க மட்டும்தான் தெரிந்திருந்தது. நேற்று உட்கார்ந்து அனுப்பவும் கற்றுக்கொடுத்தேன்.

பதினெட்டுப் பேருக்கு, அவள் ஊதியது சரி என்று எழுதிவிட்டேன். பத்தொன்பதாவது, ஒரு கார்னர் கிக் பற்றியது. அந்த ஒரு ஆட்டத்தை மட்டும் நான் பார்க்கவில்லை. எழுதியவரைச் சனிக்கிழமை நேரில் வந்து முதலிலிருந்து சொல்லச் சொல்லியிருக்கிறேன்.