அடைக்கோழி

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் சுகம். உன் இருமல் நின்றதா?

மஞ்சள் காமாலைக் கிருமியை எந்த லேபில் தேடினாலும் ஒரே விடை வரவேண்டும். தவறினால் யாருக்கோ கெட்ட ரத்தம் ஏறிவிடும். அதனால் ஒரே ரத்தத்தைப் பல லேப்களில் சோதித்தோம். என் விடை மட்டும் ஒத்துவரவில்லை.

மேலதிகாரி அம்மா என் பக்கத்தில் நின்று கவனித்தார். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த மருந்துக் குப்பியை உள்ளங்கையில் பொத்திக்கொண்டிருந்தேன்.

"மேசையில வச்சா தானா குளிர் விடுமே! அடைகாக்க இது என்ன முட்டையா?"

கைச்சூடுதான் மருந்தைக் கெடுத்திருக்கிறது. மேசையில் வைத்தேன்; விடை ஒத்துவந்துவிட்டது. பயப்படாதே, பட்டப்பெயரோடு போயிற்று.

பாப்பாவுக்குச் சின்னதாகிப்போன சாக்ஸ் இருந்தால் ஒன்று அனுப்பு. துவைக்க வேண்டாம். கையில் பொத்திக்கொள்ள ஏதாவது வேண்டியிருக்கிறது.

லேபுக்குப் போகும் பஸ் வந்துவிட்டது.

உன்
அடைக்கோழி