அலமாரிக் கதவு

அன்பு மகன் சசிதரனுக்கு, ரந்தாவிலிருந்து அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், எங்களைவிட எங்கள் இனிப்புநீர் வியாதி இன்னும் சுகம். மீரியில் நீயும் மருமகள் அபிராமியும் சுகமா என்று எப்போதும் வாய்ப்பழக்கத்தில் கேட்பேன். இந்தத் தடவை பதில் வேண்டும் என்றே கேட்கிறேன்.

என் சந்தேகப் புத்தி உனக்குத் தெரியும். பப்பாளிப் பழம் காணாமல் போனதற்குப் பக்கத்து வீட்டு யோகேந்திரனை ஒரு மாதம் முறைத்துக்கொண்டு திரிந்தேன், கடைசியில் திருடியது குரங்கு. அம்மா என்னை சி.ஐ.டி. என்றுதான் கூப்பிடுகிறாள், பள்ளியில் படிவம் மூன்றைத் தாண்டாத சி.ஐ.டி. ஆகையால் இது தப்பாகவும் இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே படி. செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டும் நல்லசாமி வீட்டில் மறுபடியும் சண்டை, அவன் மனைவி குமுதவல்லிக்குப் புருவத்தில் தையல். கேட்டவர்களிடம் அலமாரிக் கதவு இடித்துவிட்டது என்றாளாம். தோட்டத்துக் கோயில் வழக்கம் நீ பார்த்ததுதான், அவனைக் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்ய வைப்போம், அவள் நெற்றியில் குங்குமம் வைத்து அவனோடு அனுப்பிவிட்டு நாங்கள் தே தாரிக் குடிக்கப் போவோம். கமிட்டியில் என் பெரிய பதவி கற்பூரம் வாங்கி வருவது. அன்றைக்கும் அவன், கோவம் வந்தா எனக்குக் கண்ணு தெரியாதுலா அண்ணே என்று அழுதான். கமிட்டித் தலைவர், எல்லாம் குடியால் வருவது என்றார். அந்த நேரம் பார்த்து அவன் முதலாளி போனில் கூப்பிட்டு, எங்கள் காதில் விழும்படி கெட்ட வார்த்தையில் ஏசினான். இவன் எழுந்து நின்று, ஓகே பாஸ், சாரி பாஸ் என்று பூனைபோல் பேசினான். போனை வைத்துவிட்டுக் குமுதவல்லியைத்தான் முறைத்தான். எனக்கு அங்கேதான் சந்தேகம் தட்டியது. கோபத்துக்கு நன்றாகவே கண் தெரிகிறது, யாரை அடித்தால் யாரும் கேட்கமாட்டார்கள் என்றும் தெரிகிறது. குடித்துவிட்டு அவன் தலைவரை ஒரு நாளும் அடித்ததில்லையே. பாலர் பள்ளி ஆசிரியை தனலெட்சுமி விடவில்லை. சின்ன வயசுல அவன் அக்காவ அறைஞ்சப்போ ஆம்பளச் சிங்கம்னு சிரிச்சீங்க, இப்ப கற்பூரம் வாங்குறீங்களா, அவள ஏன் அனுப்புறீங்க, அவன வெளிய அனுப்புங்க என்றாள். என் கையிலிருந்த கற்பூரப் பொட்டலத்தைப் பைக்குள் போட்டேன், அந்தத் தடவை கிழங்கள் நாங்கள் அவனைத்தான் வெளியே அனுப்பினோம். இப்போது அவன் லிங்கியில் தம்பி வீட்டில் இருக்கிறான், சிரம்பானில் மனநல ஆலோசகரிடம் போகிறான். அவள் போலீசில் ரிப்போர்ட் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளோடு சொந்த வீட்டில் இருக்கிறாள்.

இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்றால், போன வாரம் வீடியோவில் அபிராமி பாதி முகத்தைத்தான் காட்டினாள். கன்னத்தில் என்னம்மா என்று அம்மா கேட்டாள். அவள் வாய் திறக்குமுன் பின்னாலிருந்து நீ, அலமாரிக் கதவு இடிச்சிருச்சு என்றாய். குடிபோனபோது வீட்டைச் சுற்றிக் காட்டினாயே, அந்த அலமாரிக்குப் பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் கதவு. அது எப்படி எழுந்து வந்து முகத்தில் இடிக்கும்? அபிராமி எங்களிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை, அவளைக் குடையாதே, இது முழுக்க என் சந்தேகம். பொய்யாகிப் போனால் மொட்டை அடித்துக்கொள்கிறேன், அடிக்க முடி இல்லை என்பது வேறு கதை.

இதைத் தபாலில் போடவில்லை, அம்மா கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். நீ படிக்கும்போது அவள் அபிராமி பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பாள். உன்னிடம் சத்தியம் கேட்கவில்லை, இங்கே கற்பூரம் நிறைய எரிந்துவிட்டது. நடந்ததை அம்மா முகத்தைப் பார்த்துச் சொல். நண்பன் வீட்டில் போய்த் தங்கு, அங்கேயும் ஆலோசகர்கள் இருப்பார்கள், தேடிப் போ. அம்மா திரும்பி வர இரண்டு டிக்கெட் எடுத்திருக்கிறேன். இரண்டாவது அபிராமிக்கு. வருவதா, அங்கேயே இருப்பதா என்பதை அவள் சொல்லட்டும், நீ பேசாதே.

அம்மாவின் மாத்திரை சாப்பாட்டுக்கு முன், மறந்துவிடாதே. என் ஆசீர்வாதம் முதலில் மருமகளுக்கு. உனக்கு உள்ளதை எடுத்து வைத்திருக்கிறேன், நீ உண்மையைச் சொன்ன அன்றைக்குக் கேட்டு வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
குரங்கைத் தவறவிட்ட உன் அப்பா,
முருகையா