அப்பாவிடம் சண்டை போடு

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே இரண்டு பேரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதையே நலம் என்று எடுத்துக்கொள். நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும், எனக்கு அது ஒன்றாவது நடக்கட்டும். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். முன்னறையில் தையற்கடை, பின்னறையில் வீடு, நடுவில் ஒரு திரைச்சீலை, நான் பெருமூச்சு விட்டால்கூட அப்பாவுக்குக் கேட்கும். இது அவர் காதில் விழக் கூடாது. நூல் வாங்கிவருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்து தபால் நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

விஷயத்துக்கு வருகிறேன், பதறாமல் படி. அப்பாவின் இடது கன்னத்துக்குள்ளே, புகையிலையை அடக்கி வைப்பாரே அதே இடத்தில், வெள்ளையாக ஒரு திட்டு வந்திருக்கிறது. கொஞ்சம் காரம் பட்டாலே எரிகிறது, வாயும் முன்போல் திறக்கவில்லை, கவளத்தைச் சின்னதாக உருட்டி உருட்டிச் சாப்பிடுகிறார். சண்டை போட்டுப் பல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அந்த டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இது இன்னும் கெட்டதா மாறலங்க, இப்பவே நிறுத்தினா மறையக்கூட வாய்ப்பு இருக்கு, நிறுத்தலேன்னா கன்னத்தையே வெட்டி எடுக்கற மாதிரி ஆயிடும் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அடுத்த மாதம் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சும்மா விடு விடுன்னா யாராலயும் விட முடியாதும்மா, அதைத் தேடற நேரத்துக்கு வேற ஒரு நல்ல பழக்கத்தைக் கொண்டுவாங்க என்றார். இவ்வளவுதானே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று தெம்பாக வீடு திரும்பினேன். என் தெம்பைக் கொண்டு போய் உடைப்பில் போட.

ஏலக்காய் கொடுத்தேன், மென்று முடித்துவிட்டு அதன்மேல் புகையிலையை வைத்தார். மிட்டாய் கொடுத்தேன், இரண்டையும் ஒன்றாக அடக்கிக்கொண்டார். சாயங்காலம் கொஞ்சம் நடந்துவிட்டு வரட்டும் என்று இஸ்திரிக்காரரைத் துணைக்குச் சேர்த்துவிட்டேன். சேர்ப்பதற்கு முன்னால் அவர் வாயையும் திறந்து பார்த்திருக்க வேண்டும், இரண்டு பேரும் கைவீசிக்கொண்டு நேரே பெட்டிக்கடைக்கு நடந்தார்கள். வீட்டில் இருந்த பொட்டலங்களைச் சாக்கடையில் கொட்டினேன், மறுநாள் மிஷின் நூல் சுற்றும் பாபின் டப்பாவுக்குள் ஒன்று இருக்கிறது. பிறகு அவராகவே ஒரு வழி கண்டுபிடித்தார். தைக்கும்போது வாயில் ஏதாவது இருந்தால்தான் அவருக்கு மிஷின் ஓடும் என்பது உனக்குத் தெரியும், அதனால் ஒரு சட்டைப் பட்டனை எடுத்துக் கன்னத்தில் அடக்கிக்கொண்டார். நானும் புத்திசாலி மாதிரி பட்டன்களைக் கழுவிக் கழுவிக் கொடுத்தேன். ஒரு வாரம் நன்றாகத்தான் போனது. அப்புறம் வக்கீல் கோட்டுக்கு வைத்திருந்த பட்டனில் ஒன்றைக் காணோம், மேசைக்கு அடியில், துணிக் குப்பையில் என்று தலைகீழாகத் தேடுகிறேன், இவர் திருதிருவென்று முழிக்கிறார். தும்மும்போது உள்ளே போய்விட்டதாம். இப்போது எழுதினால் சிரிப்பு வருகிறது, அன்றைக்குத் தொண்டையில் சிக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும், சொல். அந்தப் பயத்தில் பட்டனை விட்டவர் மறுபடி புகையிலைக்கே போய்விட்டார்.

அவருக்கு அக்கறை இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதே கண்ணு. போன வாரம் மத்தியானம் சட்டைக்குப் பட்டன் துளை, காஜா எடுத்துக்கொண்டிருந்தேன், மிஷின் சத்தம் நின்றுவிட்டது. திரையை விலக்கிப் பார்த்தால் மிஷின்மேல் தலையைக் கவிழ்த்து அழுதுகொண்டிருக்கிறார். முடியலடி, விடணும்னுதான் நினைக்கிறேன், கை தானா புகையிலை டப்பாவுக்குப் போகுது, நீயாவது என்னைக் கட்டிப்போடேன் என்றார். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் இப்படிக் கெஞ்சியதே இல்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ராத்திரி தூங்கும்போது அவர் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

நீ ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போதெல்லாம், அப்பாவுக்கு எம்மேல என்னம்மா கோபம், நல்லா இருக்கியான்னு மட்டும் கேட்டுட்டு உங்கிட்ட குடுத்துடறார் என்பாயே. கோபமும் இல்லை ஒன்றும் இல்லை. வாய் நிறைய இருக்கும், பேச முடியாது, நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று பயம், அதுதான். ஆனால் முந்தாநாள், நான் மாடியில் துணி உலர்த்தும் நேரத்தில் நீ கூப்பிட்டாய், அவர் எடுத்துவிட்டார். போன மாதம் அனுப்பிய ஜாக்கெட்டில் கை பிடிக்கிறது, உங்களுக்கு என் அளவே மறந்துபோச்சு என்று நீ சொன்னாயாம். தையற்காரரிடம் சொல்கிற பேச்சா அது? நான் படியிறங்கி வரும்போது அவர் ஓடிப்போய் வாயில் இருந்ததைத் துப்பிக் கொப்பளித்துவிட்டுப் போனுக்கு வருகிறார். என் டேப்பு பொய் சொல்லாது, உன் கைதான் பெருத்துப்போச்சு, எங்க அளந்து சொல்லு பார்ப்போம் என்று எகிறுகிறார், நீ அந்தப் பக்கம் விடாமல் வாயடிக்கிறாய். கடைசியில் நீ உள்ளே கம்பளிப் பனியன் போட்டிருந்தது தெரிந்ததும் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே, தேர்தலில் ஜெயித்தவர் மாதிரி. அதன் பிறகு விளக்கு வைக்கும் வரை தைத்தார். உன்னைப் பற்றியே முணுமுணுத்துக்கொண்டு தைத்தார். டப்பா பக்கம் கை போகவே இல்லை, நான் திரைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அதனால் அம்மா உன் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்கிறேன். சாப்பிட்டுவிட்டு மிஷினில் உட்காரும் மத்தியான நேரம்தான் அவருக்குப் பொல்லாத நேரம், அப்போது உனக்குக் காலை, ரயிலில் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பாய். தினமும் அப்போது கூப்பிடு. நலம் விசாரிக்காதே, நலம் விசாரித்தால் என்னிடம் கொடுத்துவிடுவார். வம்புக்கு இழு. அங்கே தைப்பவர்கள் இவரைவிட நன்றாகத் தைக்கிறார்கள் என்று சொல், ரெடிமேட்தான் உசத்தி என்று சொல், மாப்பிள்ளையையும் சேர்த்துக்கொள். நீ இங்கே இருந்த காலத்தில் உன் வாயையும் அப்பா வாயையும் அடக்க நான் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது, இன்றைக்கு நானே கேட்கிறேன், அவரோடு சண்டை போடு. டாக்டரிடம் கூட்டிப்போவது, வாயைப் பார்ப்பது எல்லாம் நான் செய்கிறேன். அவரை எதிர்த்துப் பேச எனக்கு வராது, பேசினாலும் அவர் சிரித்துவிட்டுத் திரும்பிக்கொள்வார். உன்னிடம்தான் அவர் தோற்க மாட்டேன் என்பார்.

இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் துணையாக, நோய் நொடி அண்டாமல், நிறைந்த ஆயுளோடு இருங்கள். கம்பளி இல்லாமல் வெளியே போகாதே. இந்தக் கடிதம் வந்ததைப் பற்றி அவரிடம் மூச்சு விடாதே. இந்தக் கடிதத்துக்குப் பின்னாலேயே உனக்கு ஒரு பார்சல் வரும், முந்தாநாளிலிருந்து அவர் ரோஷத்தோடு தைத்துக்கொண்டிருக்கும் ஜாக்கெட் அது, இரண்டு தடவை பிரித்துத் தைத்துவிட்டார். அச்சு வார்த்த மாதிரி பொருந்தும், எனக்குத் தெரியும். கண்ணாடி முன்னால் நின்று போட்டு ஆசை தீரப் பார்த்துக்கொள், அப்புறம் போனை எடுத்து, இன்னமும் கை பிடிக்கிறது என்று சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன்னையே நம்பியிருக்கும்
அம்மா