மோதிர விரலின் வேலைநிறுத்தம்

மார்ச் 3, செவ்வாய்
உலகில் எவரும் நம்பப்போகாத சரித்திரம் ஒன்றை இங்கே எழுதப்போகிறேன் என்று இதனால் சத்தியம் செய்கிறேன். கிதார்ச் சக்கரவர்த்தியாகிய என்னுடைய இடக்கை மோதிர விரல் வேலைநிறுத்தம் அறிவித்துவிட்டது. கோப்பையைப் பிடிக்கிறது, சட்டைப் பொத்தான் போடுகிறது, மூக்கைக்கூடச் சொறிகிறது. கிதார்க் கம்பியைத் தொட்டால் மட்டும் தொட்டாற்சிணுங்கிபோல் உள்ளங்கைக்குள் சுருண்டுகொள்கிறது.

மார்ச் 5, வியாழன்
டாக்டர் சொன்னார்: "ஒரே வேலையை வருஷக்கணக்கா செஞ்சதுல மூளை குழம்பிப்போச்சு. வாசிக்கறத நிறுத்திப் பாக்கணும்."
"திரும்ப வருமா டாக்டர்?"
"சிலருக்கு வரும்."
எனக்கு வேறென்ன தொழில் தெரியும்? பொய் சொல்லத் தெரியும். அதற்குச் சம்பளம் தருகிற இடங்களில் எல்லாம் ஏற்கெனவே ஆள் எடுத்துவிட்டார்கள்.

மார்ச் 10, செவ்வாய்
எங்கள் மெல்லிசைக் குழுவின் ஒத்திகை. "விரலுக்கு என்ன மாமா?" என்றார் பாடகியம்மா. புலி கடித்துவிட்டது, புலிக்குத்தான் இப்போது சிகிச்சை நடக்கிறது என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.
சனிக்கிழமை மண்டபத்தில் கச்சேரி. கடைசிப் பாட்டில் என் தனிவாசிப்பு. அந்த ஒன்றுக்காகத்தான் குழுவில் என்னை வைத்திருக்கிறார்கள். மற்றதற்கெல்லாம் கீபோர்டே போதும்.

மார்ச் 12, வியாழன்
கண்டுபிடித்துவிட்டேன்! கம்பிகளை வேறு சுருதிக்கு மாற்றி முறுக்கினால், சும்மா மீட்டினாலே அந்தப் பாட்டுக்கு வேண்டியது ஒலிக்கிறது. மிச்சத்துக்கு இரண்டு விரல் போதும். கலகக்காரனுக்கு ஓய்வு.
யாரிடமும் மூச்சு விடவில்லை. விட்டால் விரல் விஷயம் வெளியே வந்துவிடும்.

மார்ச் 15, ஞாயிறு
நேற்று.
கடைசிப் பாட்டுக்கு முன் பாடகியம்மா எங்கள் பக்கம் திரும்பினார். "தொண்டை போச்சு. சுருதிய அரைக்கட்டை இறக்கிக்கோங்க."
கீபோர்டுக்காரன் ஒரு பொத்தானை அழுத்தினான். அவனுக்கு அவ்வளவுதான். விரல் ஒழுங்காக இருந்து, கம்பிகளும் வழக்கமான சுருதியில் இருந்திருந்தால் நானும் ஒரு படி தள்ளிப் பிடித்திருப்பேன். ஆனால் சும்மா ஒலிக்கிற கம்பியை விரலால் ஏற்றலாம், இறக்க முடியாதே. முறுக்காணியைத் திருப்பக் கை போவதற்குள் டிரம்ஸ் ஆரம்பித்துவிட்டது. எதைத் தொட்டாலும் அபஸ்வரம்.
யார்கிட்டயாவது சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதாடா நீ?
என் முறை வந்தது. கிதாரின் வால்யூமை அடியோடு குறைத்தேன். கண்ணை மூடி, தலையை ஆட்டி, ஊமைக் கம்பிகள் மேல் விரல்களை ஓடவிட்டேன். கீபோர்டுக்காரன் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் — கீபோர்டைக் கிதார்ச் சத்தத்துக்கு மாற்றி என் தனிவாசிப்பு முழுவதையும் அவனே வாசித்தான். நன்றாக வாசித்தான். என்னைவிட.
கீழே இறங்கியதும், "கம்பி அறுந்துடுச்சுன்னு சொல்லிடவா மாமா?" என்றான்.
ஆறு கம்பியும் பளபளவென்று இருந்தன. பாடகியம்மா அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே மாமா. புலி கடிச்சுதுன்னீங்க..."

மார்ச் 16, திங்கள்
தொலைபேசியில் பாடகியம்மா: "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க மாமா." எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 29, ஞாயிறு
அக்கா வந்திருந்தாள். "கச்சேரி எப்படிடா நடந்துச்சு?"
விவரித்தேன். என் வேகத்தில் கம்பிகளிலிருந்து புகை கிளம்பியது. கூரை ஓரடி எழும்பி மறுபடி உட்கார்ந்தது. தீயணைப்பு வண்டி வந்தது, வந்தவர்களும் குழாயைப் போட்டுவிட்டு ஆடினார்கள். சபை மொத்தமும் எழுந்து நின்று எனக்குக் கைதட்டியது.
"போடா, புளுகுமூட்டை!" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு கட்டிலடியில் கிதார்ப் பெட்டியைப் பார்த்து, "ஏன்டா இவ்ளோ தூசி?" என்றாள். தண்ணீர் கொண்டுவர எழுந்து போய்விட்டேன்.
அவளிடம் சொன்னது அத்தனையும் புளுகு. எழுந்து நின்று கைதட்டினார்களே, அது மட்டும் நிஜம். என்னைப் பார்த்துத்தான் தட்டினார்கள். நானும் குனிந்து வணக்கம் சொன்னேன்.