பூசாத வீட்டில் ஒரு குரல்

9 பிப்ரவரி 1987

வானொலி நிலையத்தில் குரல் தேர்வுக்கு அழைத்திருக்கிறார்கள். ஏப்ரல் இருபத்திரண்டு. ஏற்கெனவே இரண்டு தடவை போய்த் தோற்றவள் நான். முப்பத்தாறு வயதாகிறது. இந்தத் தடவையும் இல்லையென்றால் இன்னொரு முறை விண்ணப்பிக்க எனக்கு மனசு வராது.

அவரிடம் சொன்னேன். "எங்கம்மா போய் ரெண்டு மாசம்கூட ஆகலே, கனகம். வருஷம் திரும்பித் தலைத்திவசம் முடியறவரைக்கும் இந்த வீட்டுல பாட்டு வேண்டாம். அடுத்த தடவை பாத்துக்கலாமே" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். மெதுவாகச் சொல்லிவிட்டார். என்ன செய்வது?

11 பிப்ரவரி

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் பாடப் பார்த்தேன், வாய் வரவில்லை. தொட்டித் தண்ணீர் தீர்ந்ததுதான் மிச்சம்.

15 பிப்ரவரி, ஞாயிறு

ஏரிக்கரைப் பக்கம் போனேன். வாயைத் திறப்பதற்குள், "என்ன டீச்சர், தனியா?" என்று ஒரு சைக்கிள் நின்றது. நான் டீச்சர்கூட இல்லை, பள்ளி அலுவலகத்தில் கிளார்க். ஓர் ஆள் நின்று பாட இடம் போதும். இவ்வளவு பெரிய தாம்பரத்தில் அது இல்லை.

20 பிப்ரவரி

பக்கத்து மேஜை பியூலா ராஜகீழ்ப்பாக்கத்தில் வீடு கட்டுகிறாள். கணவர் மஸ்கட்டில். சுவர் எழும்பிக் கூரைத் தளமும் போட்டாகிவிட்டது. சாயங்காலம் ஆட்கள் போனபிறகு சுவருக்குத் தண்ணீர் ஊற்ற ஆளில்லை, காய்ந்தால் வெடிப்பு விடும் என்று புலம்பினாள்.

"நான் ஊத்தறேன்" என்றேன்.

"உனக்கு எதுக்குப்பா கஷ்டம்?"

கஷ்டமா! கரும்பு தின்னக் கூலியா?

23 பிப்ரவரி

கதவில்லை, ஜன்னலில்லை, பூச்சு இல்லை. டிரம்மிலிருந்து மொண்டு சுவரில் வீசினால் செங்கல் உஸ்ஸென்று குடிக்கிறது. அந்த வாசனைக்கே ஒரு நடை போகலாம். எல்லாச் சுவரையும் நனைத்துவிட்டு, ஹால் ஆகப்போகிற இடத்தில் நின்று 'ஸா' பிடித்தேன். சுவர்கள் அதை வாங்கி வைத்துக்கொண்டு, நான் மூச்சு விடும்போது திருப்பித் தந்தன.

என் குரலா இது? இத்தனை நாள் எங்கே இருந்தது?

கல்யாணி ராகத்தை எடுத்துக்கொண்டேன். வார்த்தை கிடையாது, வெறும் 'ஆ'. அகாரத்தில் போனால்தான் குரல் எங்கே நொண்டுகிறது என்று தெரியும். தளத்திலிருந்து சொட்டும் தண்ணீர் தப்புத் தாளம் போட்டது. மாடிப்படிக்கு விட்ட துவாரம் வழியே வானம் தெரிந்தது, மஞ்சள், அப்புறம் ஊதா. வௌவால்கள் போய்க்கொண்டிருந்தன. தூரத்தில் ரயில் கூவியது, அதுவும் சுருதிக்குப் பக்கத்தில்தான் இருந்தது. நிறுத்தியபோது நன்றாக இருட்டிவிட்டது. புடவைக் கரை முழங்கால் வரை ஈரம்.

அவரிடம் பியூலாவுக்கு ஒத்தாசை என்று மட்டும் சொன்னேன். பொய் இல்லையே.

2 மார்ச்

மேல் ஸ்தாயி ஸா நின்றது! ஆடவில்லை!

14 மார்ச்

ஒவ்வோர் அறையிலும் ஒரு குரல் எனக்கு. சமையலறையில் கீழ் ஸ்தாயி கனமாக வருகிறது. வாசலை ஒட்டிய சின்ன அறையில் வேகமான பிருகாக்கள் உருளுகின்றன. ஆபீஸில் வருகைப் பதிவேட்டைக் கூட்டும்போதும் நான் அங்கேதான் இருக்கிறேன். இரண்டு தடவை தப்பாகக் கூட்டினேன்.

24 மார்ச்

வாசலில் யாரோ எலுமிச்சம்பழமும் மிளகாயும் வேப்பிலையும் கட்டியிருக்கிறார்கள். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகும் பியூலா வீட்டிலா?

26 மார்ச்

அங்கே சித்தாள் வேலை செய்யும் எல்லம்மா வழியிலேயே கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அந்தி நேரத்துல அந்த வூட்டாண்ட போவாதக்கா. மோகினி கீது. குப்புராஜ் மேஸ்திரி காதால கேட்டுகினு ஓடியாந்துட்டாரு."

"என்ன பண்ணுதாம்?"

"பாடுதுக்கா. ஆ... ஆ...ன்னு. மனுசப் பொறப்புன்னா பாட்டுல வார்த்த இருக்காதா? அதான் பேயின்னு கண்டுக்கினாரு."

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மூச்சை அடக்கினேன். சாதகம் வீண் போகவில்லை. பிறகுதான் மீதியைச் சொன்னாள்: பூச்சு வேலைக்கு ஒருத்தரும் வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம்.

30 மார்ச்

பியூலா ஆபீஸில் அழுதாள். "பேய் வீடுன்னு பேர் வந்துட்டா அப்புறம் அங்க எப்படிப்பா இருக்கறது?"

நான் சும்மா இருந்தேன். சொன்னால் மேஸ்திரிக்குத் தெரியும், மேஸ்திரி டீக்கடையில் சொல்வார், டீக்கடையிலிருந்து இவர் காதுக்கு வரும். தேர்வுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. வாயை மூடிக்கொண்டிருந்தால் எனக்கு வீடு, அவளுக்குப் பேய் — சீ, என்ன பொம்பளை நான்? அவ அழறா, நான் நாள் எண்ணிக்கிட்டிருக்கேன்.

31 மார்ச்

பியூலாவோடு போய், கணக்குத் தீர்க்க அந்த வீட்டுக்கு வந்திருந்த ஆட்கள் முன்னால் சொல்லிவிட்டேன். "மேஸ்திரி, அந்தப் பேய் நான்தான்."

குப்புராஜ் நம்பவில்லை. "அப்டின்னா பாடிக் காட்டும்மா" என்றார். பட்டப்பகலில், சாந்துச் சட்டிகளுக்கு நடுவே, அத்தனை பேர் பார்க்க, கண்ணை மூடிக்கொண்டு 'ஆ' என்றேன். கண்ணைத் திறந்தால், என் கால் தரையில் படுகிறதா என்று மனிதர் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்!

பியூலா திட்டத்தான் வாயைத் திறந்தாள், சிரித்துவிட்டாள். எல்லம்மா மட்டும், "ஏங்க்கா, இத்த உன் வூட்லயே பாடக்கூடாதா?" என்று கேட்டாள்.

3 ஏப்ரல்

பூச்சு வேலை நடக்கிறது. இருட்டும்வரை ஆட்கள் இருக்கிறார்கள். என் இடம் போயிற்று.

4 ஏப்ரல்

"டீக்கடையில உன்னைப் பத்தித்தான் பேச்சு" என்றார் வந்ததும் வராததுமாக.

"ஆமா, பாடினேன். இந்த வீட்டுல பாடலியே. இன்னொரு தடவை என்னை யாரு கூப்பிடப் போறாங்க?" அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"துக்கம் என்னோடது. நான் பாட்டுக் கேக்கக்கூடாது, அவ்வளவுதான். நீ போய்ட்டு வா. இங்க மட்டும் வேண்டாம்."

22 ஏப்ரல்

பாடினேன். மெத்தைச் சுவர் வைத்த அந்த ஸ்டூடியோ அறையில் குரல் போனது போனதுதான், திரும்பி வரவே இல்லை. ஆனாலும் ஆடவில்லை. "சரிம்மா, சொல்லி அனுப்பறோம்" என்றார்கள்.

6 ஜூலை

தேறிவிட்டேன். அவரிடம் சொன்னதும் தலையாட்டினார்.

13 செப்டம்பர், ஞாயிறு

போன வாரம் பதிவு செய்த என் பாட்டை இன்று காலை ஒலிபரப்பினார்கள். எங்கள் வீட்டில் தலைத்திவசம் வரும் டிசம்பர் வரை ரேடியோ போடுவது கிடையாது. கிரகப்பிரவேசம்போல ஏதோ ஜெபமெல்லாம் முடித்துக் குடிபோய்விட்ட பியூலா, வந்து கேள் என்றாள். என் குரலை நானே கேட்கப் பயம், போகவில்லை. நேரத்துக்குச் சற்று முன் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, "கடைக்குப் போய்ட்டு வரேன்" என்றார். வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

சாயங்காலம் மார்க்கெட்டில் எல்லம்மாவைப் பார்த்தேன்.

"அக்கா, காலைல டீக்கடைல ஒரே கூச்சல். உன் வூட்டு சாரு நேரா ரேடியோவாண்ட போய் நின்னுகினு, 'கொஞ்சம் சும்மா இருங்கய்யா, பாடறது என் சம்சாரம்'னு ஒரு அதட்டு அதட்டினாரு. முடியறவரிக்கும் குந்தவே இல்லக்கா."

ராத்திரி சாப்பிடும்போது அவர் இன்னொரு கரண்டி ரசம் கேட்டார், ஊற்றினேன்.